விற்று வாங்கிய பிள்ளைக்கு முட்டு வராது

"ஆருக்கெல்லாம் முட்டு இருக்கு? கையை உயர்த்துங்கோ பாப்பம்."

மருத்துவப் பரிசோதனைக்கு வந்த வைத்தியர் எட்டாம் வகுப்பு வாசலில் நின்று கேட்டார். இளம் வயதுக்காரர். ஆஸ்துமா, தொய்வு என்று முதலில் கேட்டுப் பார்த்தார். பிள்ளைகள் விழிப்பதைக் கண்டதும் எங்கள் ஊர்ச் சொல்லுக்கு இறங்கி வந்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒரு கையும் உயரவில்லை.

வெளியே சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் தீவின் கரையில், கடலுக்கும் மணல் திட்டிகளுக்கும் நடுவே இருக்கிறது. சோளகக் காற்று எழும்பிவிட்டால் காலையில் துடைத்த மேசையில் இரண்டாம் பாடத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம். யன்னல்களில் பாதிக்குக் கொக்கி கிடையாது. அந்த இரைச்சலையும் மீறி மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு விசில் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தம். வைத்தியரும் அந்தப் பக்கம் திரும்பினார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின.

"தங்கச்சி, உமக்கு என்ன?"

"தடிமன், டொக்டர். சளி பிடிச்சிருக்கு."

"எவ்வளவு நாளாய்?"

"இண்டைக்குத்தான்."

பக்கத்தில் இருந்தவள் எழும்பிச் சாட்சி சொன்னாள். "நேற்று ஐஸ்பழம் குடிச்சவள், டொக்டர். நானும் பாத்தனான்."

வைத்தியர் அவளை முன்னுக்குக் கூப்பிட்டு முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். வெளியே வந்தபிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "இழுக்குது சேர். ஆனா ஒரு நாள் இழுத்ததை வைச்சு ஆஸ்துமா எண்டு எழுதேலாது. அடிக்கடி வாறதோ, இரவில எழும்பி இருக்கிறதோ, முந்தி மருந்து எடுத்ததோ எண்டு வீட்டுக்காரர் சொல்லவேணும். தாயைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ."

ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது அவர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். "உங்கட காலத்தோட பாக்கேக்க, இப்ப பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு முட்டு கூடவோ?"

அதிபர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "கூடத்தான். அந்தக் காலத்தில எங்க இருந்தது இதெல்லாம்? இந்த ஃபோன் டவர் வந்தாப் பிறகுதான்."

டவர் இல்லை, காற்றாலைதான் என்றார் கணித ஆசிரியர். காற்றாலை நேற்று வந்தது, பால்மா எப்போது வந்தது என்று கேட்டார் சங்கீத ரீச்சர். ஒருவர் பிரொயிலர் கோழி என்றார். இன்னொருவர் நுளம்புச்சுருள் என்றார். புதிதாய்ப் போட்ட தார் றோட்டையும் யாரோ இழுத்துவந்தார்கள்.

"சரி, அப்ப உங்கட பள்ளிக்கூடத்தில எத்தினை பேருக்கு இருக்கு?"

"எங்கட பள்ளிக்கூடத்திலயோ?" அதிபர் பதறிப்போனார். "இல்லை டொக்டர். கடவுளே எண்டு ஒருத்தருக்கும் இல்லை."

காரணம் எல்லோரிடமும் இருந்தது. நோய்தான் ஒருவரிடமும் இல்லை.

வைத்தியர் சிரிக்கவில்லை. இல்லாத வருத்தத்துக்கு மருந்து கேட்க முடியாது என்றார். இத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று பள்ளிக்கூடம் சொன்னால், பெயர் கொடுத்த பிள்ளைக்கு வாயில் மருந்து அடிக்கிற பம்பும் அதில் பொருத்துகிற குழாயும் பள்ளிக்கூடத்திலேயே வைக்கலாம், ஓர் ஆசிரியருக்கு அதைப் பாவிக்கப் பழக்கியும் விடலாம் என்றார். அடுத்த தவணை திரும்ப வருவோம், அதற்குள் பெற்றோரிடம் கதைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

விஞ்ஞான ஆசிரியர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், நானே அதை இழுத்து என் தலையில் போட்டுக்கொண்டேன். பெரியாஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து ஓட்டோவில் போய்ச் சேருவதற்குள் என்ன நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்த வீட்டிலேயே அந்தச் சத்தம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அன்று பின்னேரம் வாசல் கதிரையில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தபடி அப்பா இருந்தார். சோளக மாதங்களில் அவர் இருப்பது அப்படித்தான். வைத்தியர் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"எங்கட காலத்தில…" அப்பா மூச்சை இழுத்தார். "பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒருத்தருக்கும் முட்டு இல்லை."

"அப்பா, உங்களுக்கு இருந்ததே?"

"நான் எங்க பள்ளிக்கூடத்தில இருந்தனான்?"

அவர் பகிடி விடவில்லை. அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது அவருடைய நெஞ்சுச் சத்தத்தில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கவில்லையாம். அந்த நாளைய வாத்தியார், சத்தம் நின்ற பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். சத்தம் நிற்கவில்லை. அப்பாவும் திரும்பப் போகவில்லை. கரையில் வலை இழுக்கவும், இழுக்க முடியாத நாட்களில் மீன் பிரிக்கவும் போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தை முடித்து வெளியேறிய முதல் ஆள் நான்தான்.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு எரிச்சல் கூடியது. முந்தி இல்லை, இப்போது கூடிவிட்டது என்று அடித்துச் சொல்கிற அதிபர் அந்த நாளில் படித்த வகுப்பில், முட்டு உள்ள பிள்ளை ஏன் இருக்கவில்லை? வீட்டில் இருந்திருக்கும். அல்லது கரையில் மீன் பிரித்துக்கொண்டு இருந்திருக்கும். அதன்பிறகு போரில் இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருமின. அதில் எது தடிமன், எது முட்டு என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? இன்று பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருக்கிறார்கள். மருந்து இருக்கிறது, வைத்தியரும் வாசலுக்கே வருகிறார். ஆனால் கை உயரவில்லை.

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "ஏன் பிள்ளை டொக்டரிட்டப் பொய் சொன்னனீர்?"

அவள் என்னை ஏதோ புரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பொய் இல்லை, சேர். என்னை வித்து வாங்கினதெல்லோ?"

எங்கள் ஊர்ப் பழக்கம் இது. பிள்ளைக்கு வருத்தம் விடாமல் இருந்தால் கோயில் திருவிழாவன்று பூசை முடிந்ததும் தாய் தகப்பன் பிள்ளையைப் புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் இருத்தி, "இனி இது உமது பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் கொடிமரம்வரை நடக்க வேண்டும். பிறகு வேறு வீட்டு உறவுக்காரர் ஒருவர், பெரும்பாலும் தாய்மாமன், ஒரு சேவலையோ ஒரு பெட்டி உப்பையோ காணிக்கை வைத்துப் பிள்ளையைப் புனிதரிடமிருந்து வாங்குவார். வாங்கியவர் பிள்ளையைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுப்பார். வருத்தம் புனிதரோடு நின்றுவிடும். வீட்டுக்கு வருவது வருத்தம் இல்லாத பிள்ளை.

விற்று வாங்கிய பிள்ளைக்கு முட்டு வராது. வந்தால் அது தடிமன்.

இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் வகுப்பறைக்குள் வந்து இப்படிக் குந்தியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று வகுப்பில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சோளகத்தில் யாருக்கெல்லாம் "தடிமன்" வருகிறதோ, அவர்களில் அனேகமானோர் ஏதோ ஒரு திருவிழாவில் விற்கப்பட்டவர்கள். வருடா வருடம் எங்கள் ஊரில் முட்டு இப்படித்தான் குறைந்து வந்திருக்கிறது.

பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ சேர். பிளேன்ரீ ஊத்தட்டோ? ஏன் சேர், இவள் படிக்கிறாள் இல்லையோ?"

"படிப்பெல்லாம் நல்லம், அக்கா. அவவுக்கு மூச்சு இழுக்குது."

"அது தடிமன், சேர்."

"முந்தி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்தானே? பம்ப் தந்திருப்பினமே?"

"தந்தவை."

"அது எங்க?"

அவள் கோயில் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். "பிள்ளையோட சேத்து அதையும் குடுத்தாச்சு."

நான் விளங்கப்படுத்தினேன். சுவாசக் குழாய் எப்படிச் சுருங்கும், தூசு என்ன செய்யும், அடுப்புப் புகையும் சாம்பிராணியும் என்ன செய்யும், பம்ப் அடித்தால் என்ன நடக்கும் என்று முற்றத்து மணலில் ஈர்க்கால் படம் கீறிக்கூடக் காட்டினேன். அவள் மிகவும் கவனமாகக் கேட்டாள். படம் நல்லது என்றாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் சொல்லுறது சரிதான் சேர். ஆனா நான் அதைப்பற்றிக் கதைக்கேலாது."

"ஏன் கதைக்கேலாது? உங்கட பிள்ளையெல்லோ?"

அவள் பிளேன்ரீ ஊற்றப் போனாள். கண் கலங்கியிருந்ததோ, அடுப்புப் புகையோ, எனக்குத் தெரியவில்லை. நான் படித்ததெல்லாம் அந்த முற்றத்து மணலில் கிடந்தது. கோழி ஒன்று வந்து அதன்மேல் நடந்தது.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. காணிக்கைப் பொருட்கள் வைக்கிற அலுமாரி. வெள்ளிக் கண், வெள்ளிக் கால், தகரத்தில் செய்த சின்னப் படகு, தொட்டில். நான் அதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். அதன் கீழ்த்தட்டை மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கீழ்த்தட்டு முழுக்க நெஞ்சு மருந்து. முன்வரிசையில் நீலப் பம்புகள். அவற்றுக்குப் பின்னால், தூள் குளிசையைப் போட்டு உறிஞ்சுகிற பழைய பிளாஸ்ரிக் கருவிகள். அதற்கும் பின்னால் குளிசை அட்டைகள், நிறம் போய்விட்டிருந்தன. கடைசி வரிசையில் தக்கை போட்ட மருந்துப் போத்தல்கள், உள்ளே காய்ந்து ஒட்டிய கறுப்புக் கறை. சுவரோடு சுவராக வெறும் இடம். அதற்கு முந்தியவர்களுக்குக் கொண்டுவந்து வைக்க மருந்தே இருந்திருக்காது. பிள்ளையை மட்டும் வைத்திருப்பார்கள்.

நான் அங்கே குந்தியிருந்து, போத்தலையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தேன். முன்வரிசை நெருக்கமாக இருந்தது, பின்வரிசை ஐதாக இருந்தது. அப்படியென்றால் முட்டு கூடியிருக்கிறதா? அல்லது மருந்து கிடைப்பது கூடியிருக்கிறதா? அப்பாவின் பங்குக்கு அந்த அலுமாரியில் ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கு முட்டு இல்லை என்று அதற்கு அர்த்தமா? ஒரு கேள்விக்குப் பதில் தேடி வந்து இரண்டு கேள்வியோடு எழும்பினேன்.

பூசை வைக்கிற பங்குச் சுவாமி வந்தார். ஊருக்குப் புதியவர். "இப்பிடி மருந்தைக் கொண்டுவந்து வையுங்கோ எண்டு கோயில் சொல்லுறேல்லை, தம்பி. நானும் வந்த நாளில இருந்து யோசிக்கிறன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். சொல்லவும் செய்தார். கடவுள் வைத்தியர் வழியாகவும் குணமாக்குகிறார், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை என்று நன்றாகவே சொன்னார். சனம் தலையாட்டியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது என் பக்கத்தில் நடந்த மனிசி இன்னொருத்தியிடம், "சுவாமி நல்லாக் கதைக்கிறார், என்ன? முட்டு உள்ள ஆக்களுக்குப் பிரயோசனமான பிரசங்கம்" என்றாள். அவளுடைய பேரன் என்னிடம்தான் படிக்கிறான். விற்று வாங்கினவன்.

மறு கிழமை மூன்றாவது வரிசைப் பிள்ளைக்கு வகுப்பிலேயே முட்டு வந்தது.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் கதிரை இழுபட்ட சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பேச வாய் திறந்தாள், ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. உதடு சாம்பல் நிறம். எனக்கு என்ன செய்யவேண்டும் என்று முழுக்கத் தெரியும். பம்பைக் குலுக்க வேண்டும், குழாயில் பொருத்த வேண்டும், அடிக்க வேண்டும். என் கையில் வெண்கட்டி மட்டும் இருந்தது. வழியில் தெரிகிற கோயில் அலுமாரிக்குள் பம்புகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன, அவற்றில் பாதி வெறுமையாகவும் காலாவதியாகியும் இருந்திருக்கும். அவளை நிமிர்த்தி இருத்திக்கொண்டு ஓட்டோவில் போனோம். ஓட்டோக்காரன் ஹோனில் கை எடுக்காமல் ஓடினான். றோட்டின் நடுவில் நின்ற கழுதைகள் வழக்கம்போல விலகவில்லை. அவனுடைய வாயில் அன்று வந்த வார்த்தைகளை அந்தப் பிள்ளை கேட்டிருக்கக் கூடாது.

நெபுலைசர் முகமூடி போட்டு, மருந்துப் புகை உள்ளே போய், கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டில் நிறம் வந்தது. நான் சுவரில் சாய்ந்தேன். அப்போது தாய்மாமன் வந்தார், கடலால் வந்த கோலத்தோடு, சாரத்தில் மீன் செதிலோடு. அவளை விற்றபோது வாங்கினவர் அவர்தான். இரண்டு படகு வைத்திருக்கிற சம்மாட்டி. அவளுடைய தகப்பனும் அவருடைய படகில்தான் தொழிலுக்குப் போகிறார்.

"என்ன வருத்தம்?" என்று தாதி அவரிடம் கேட்டாள்.

"தடிமன் முத்திப்போச்சு, மிஸ்."

தாதி முகமூடியைக் காட்டினாள். "ஐயா, தடிமனுக்கு நாங்கள் இதைப் போடுறேல்லை."

அவர் சாரத்தில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அப்பாவிடம் கத்தினேன். அப்பா பாவம், அவரிடம் கத்தி என்ன பயன்? ஆனால் கத்துவதற்கு வேறு யாரும் இருக்கவில்லை. "ஊரில ஒருத்தருக்கும் வாய் இல்லை. வைச்ச மருந்தைக்கூட எடுக்கமாட்டினம். நீங்கள் ஒரு ஆள்தான் எனக்கு முட்டு எண்டு வெளியால சொல்லுற ஆள். உங்களை ஏன் விக்கேல்லை?"

"ஆர் சொன்னது விக்கேல்லை எண்டு?" அப்பா நிமிர்ந்தார். "வித்தவை. வாங்க வாறன் எண்ட பெரியப்பு வரேல்லை. அண்டைக்கு இறால் பட்டிட்டுது எண்டு கடலுக்குப் போட்டார். பின்னேரம்வரை படியில இருந்தன். பிறகு பசிக்குது எண்டு நானாய் வீட்டை வந்திட்டன்."

"அப்ப நீங்கள்?"

"நான் இன்னும் புனிதரின்ர ஆள்தான். என்னை வாங்கினவனே இல்லை, ஆர் அவமானப்பட இருக்கினம்? அதால முட்டு எண்டு சொல்லலாம்." அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று. "அதுசரி, நீ ஆரிட்டப் போனனீ?"

"தாயிட்டத்தான்."

"படிச்ச பொடியன்! வித்தவளிட்டப் போய் வியாபாரம் கதைக்கிறான்!"

தாய் ஏன் கதைக்க முடியாது என்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விற்றவள். வருத்தத்தைப்பற்றி வாய் திறக்கிற உரிமை அன்றோடு அவளை விட்டுப் போய்விட்டது. பிள்ளைக்கு முட்டு என்று அவள் சொன்னால், பழுதான சாமானைத் தம்பியின் தலையில் கட்டினாள் என்று ஆகும். கேட்கவேண்டிய வாசல் வேறு. நான் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே படித்து, அந்த மணலில் படம் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமனைத் தேடி அவருடைய வாடிக்குப் போனேன். கடலோரத்தில் ஓலை வேய்ந்த கொட்டில், வலையும் எண்ணெய்க் கலனும் வைக்கிற இடம். படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, அதற்கு முன்னால் குந்தியிருந்தார். கூட வேலை செய்கிற இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

"அண்ணை, பிள்ளைக்கு முட்டு எண்டு டொக்டரிட்ட ஒருக்காச் சொல்லவேணும். நீங்கள் சொன்னாத்தான் சரிவரும்."

அவர் தலை நிமிரவில்லை. "நான் வாங்கினது பழுது எண்டு ஊருக்குச் சொல்லச் சொல்லுறீரோ?"

"அப்பிடி இல்லை அண்ணை…"

"பின்னை எப்பிடி? திருவிழாச் சனம் முழுக்கப் பாக்க வாங்கினனான். சேவல் வைச்சு வாங்கினனான். தாயையும் தகப்பனையும் கூப்பிட்டுக் கையில குடுத்தனான். நீர் எங்க இருந்தனீர் அண்டைக்கு?"

வலை பிரித்தவர்களில் ஒருவன் சிரித்தான். "சேர் அண்டைக்குக் கம்பஸில, சம்மாட்டி. சோதினைக்குப் படிச்சுக்கொண்டு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணை, அண்டைக்கு ஓட்டோவில அவளைப் பிடிச்சுக்கொண்டு போனது நான். மூச்சு நிண்டிருந்தா ஆரிட்டத் திருப்பிக் குடுத்திருப்பியள்? புனிதரிட்டயோ? அக்காவிட்டயோ?"

சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். மாமன் கையிலிருந்த துணியால் ஒரு திருகாணியை நீண்ட நேரம் துடைத்தார்.

"போங்கோ சேர்," என்றார். அதுவரை என்னை நீர் என்று சொன்னவர், நீங்கள் என்று சொல்லித் துரத்தினார். துரத்தியது துரத்தியதுதான். அந்தத் தவணை முழுக்க அவர் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தார். கடையில் கண்டால் கடையை விட்டு இறங்கினார். காரியத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளையின் வரவு குறைந்தது. காற்று கடுமையான நாட்களில் அவள் வரவே இல்லை. அப்பா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் இப்படி ஒரு சோளகத்தில்தான் இருந்திருக்கும்.

அடுத்த தவணைப் பரிசோதனைக்குப் பழைய வைத்தியர் வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டாராம். வந்தவர் ஒரு அம்மா. முதலில் வந்தவர் என்னிடம் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "நேரம் போகுது சேர், நான் கேக்கிறன்" என்று எட்டாம் வகுப்புக்குள் போனார்.

"ஆருக்கு முட்டு இருக்கு? கையை உயர்த்துங்கோ."

பிள்ளைகள் வைத்தியரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சேட்டும் மடிப்புக் குலையாத சாரமுமாக, திருவிழாவுக்கு வந்த ஆள்போல, மாமன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேட் பொக்கற்றில் ஒரு நீலப் பம்ப், பேனை வைத்ததுபோல.

மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது.

வகுப்பில் ஒரு முணுமுணுப்பு. பின்னாலிருந்து ஒருத்தன் "எட, மாமாவை ஏமாத்திப்போட்டினம்" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாமன் ஒரு கால் உள்ளே வைத்தார்.

"ஆரடா அவன்? எஞ்சின் வாங்கினவன் எண்ணெய் விடுறேல்லையோ? வாங்கினது நான். பாக்கிறதும் நான். உனக்கென்ன வருத்தம்?"

பிறகு வைத்தியரிடம், தானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனதாகவும், முதலில் கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் புதிது எழுதி வாங்கியதாகவும் சொன்னார். எப்போதிலிருந்து இழுக்கிறது, எந்தக் காற்றுக்கு இழுக்கிறது, இரவில் எத்தனை தலையணை வைக்கிறாள் என்று எல்லாம் சொன்னார். அக்காவிடம் அவர் எப்போது கேட்டாரோ, அக்கா எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. என்னை மட்டும் அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

வைத்தியர் எழுதிக்கொண்டார். "நல்லது. வேற ஆருக்கு?"

நான் வகுப்பைப் பார்த்தேன். இப்போது உயரும் என்று நினைத்தேன். ஒரு கை உயர்ந்துவிட்டது, இனி என்ன வெட்கம்? கடைசி வரிசையில், யன்னலோடு இருக்கிற பொடியனுடைய நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. அவன் மேசையில் கிடந்த மணலை ஒரு விரலால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். வேறு சிலரும் எங்கள் கண்ணில் படாமல் குனிந்திருந்தார்கள். அவர்களுடைய வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

"அப்ப ஒண்டு," என்றார் வைத்தியர்.

"டொக்டர், இன்னும் இருக்கினம்…"

"சேர், கை உயர்த்தாத பிள்ளைக்கு நான் எப்பிடி எழுதுறது? பேர் குடுத்த பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடத்தில மருந்து வைக்கலாம்."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தப் பிள்ளையின் பம்பைக் குழாயில் பொருத்துவது எப்படி என்று எனக்கு அங்கேயே பழக்கினார். அவளும் பக்கத்தில் நின்று, நான் பிடித்த விதம் சரியில்லை என்று திருத்தினாள். அந்தளவுக்காவது சந்தோஷம். வாகனம் போனபிறகு அதிபர் என் தோளில் கைபோட்டார்.

"போன முறை ஒருத்தருமில்லை. இந்த முறை ஒண்டு. பாத்தீரோ? நான் சொன்னனான்தானே, கூடிக்கொண்டு வருது எண்டு. எல்லாம் அந்த டவர்தான்."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

அப்பா வாசல் கதிரையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மாமன் எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட கதையைக் கேட்டு முழங்காலில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கடைசி வரிசைப் பொடியனுடைய சத்தம் காதுக்குள் நின்றது. அவன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அப்பாவுக்கு அடையாளம் சொன்னேன்.

"அப்பா, அவனை வாங்கினது ஆர்? நாளைக்கே போய்க் கதைக்கவேணும். இந்த முறை கோபப்படமாட்டன்."

அப்பா கண்ணை மூடி யோசித்தார். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார்.

"அவன்ர சித்தப்பன்தான் வாங்கினவன். நல்ல பொடியன். ஆனா அவன் இப்ப வெளிநாட்டில, கட்டாரிலயெல்லோ."